லினக்ஸில் பங்ஷன் விசைகள் வேலை செய்யவில்லையா? அழுத்தம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

லேப்டாப்பில் லினக்ஸ் நிறுவியாயிற்று. வைஃபை வருகிறது, ஒலி கேட்கிறது, டச்பேட் ஓடுகிறது. ஆனால் திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசையை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடப்பதில்லை. வேறு சிலருக்கு ஒலி விசைகள் சரியாக இருக்கும், மைக்கை அணைக்கும் விசை மட்டும் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடக்கும். இன்னும் சிலருக்கு ஒரு முறை தட்டினால் வெளிச்சம் இரண்டு படி தாவும்.

இணையத்தில் தேடினால் இதற்கெல்லாம் சேர்த்து, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் அளவுருக்கள் பத்துப் பன்னிரண்டு கிடைக்கும். அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கும் வேலையில் இறங்காதீர்கள். சில மாதம் கழித்து எதை எதற்காகப் போட்டோம் என்பதே மறந்துவிடும், அவற்றில் ஒன்று வேறெதையாவது கெடுத்துக்கொண்டிருக்கும். விசையை அழுத்தியது முதல் திரை வெளிச்சம் மாறுவது வரை நான்கைந்து கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் அது நிற்கிறது என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அது தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு திருத்தம் போதும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில், தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் சிறிய எழுத்துகளில், தட்ட வேண்டும்.

அழுத்தம் போகும் பாதை

எஃப்என் விசை மற்ற விசைகளைப் போன்றதல்ல. பெரும்பாலான லேப்டாப்களில் அதை அழுத்துவது இயங்குதளத்துக்குத் தெரியவே தெரியாது. மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்றொரு சிறு சில்லு இருக்கிறது. விசைப்பலகை, மின்விசிறி, பேட்டரி சார்ஜ் ஆகியவற்றைக் கவனிப்பது அதுதான். எஃப்என்னும் எஃப்6-உம் சேர்ந்து அழுத்தப்பட்டால் என்ன செய்வது என்று முடிவெடுப்பதும் அதுவே.

அந்தச் சில்லுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வேலையைத் தானே முடித்துவிடுவது. பல லேப்டாப்களில் விசைப்பலகை விளக்கு இப்படித்தான் எரிகிறது. க்ரப் மெனு (லினக்ஸ் தொடங்கும் முன் வரும் தேர்வுப் பட்டியல்) திரையில் இருக்கும்போதே அந்த விசை வேலை செய்தால் லினக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அர்த்தம். இரண்டாவது, சாதாரண எழுத்து விசையைப் போலவே ஓர் எண்ணை அனுப்புவது. இந்த எண்ணுக்கு ஸ்கேன்கோடு என்று பெயர். மூன்றாவது, ஏசிபிஐ அல்லது டபிள்யூஎம்ஐ என்ற ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) வழியாக "ஏதோ நடந்தது" என்று கர்னலுக்குத் தகவல் கொடுப்பது. இந்தத் தகவலைப் புரிந்துகொள்ள அந்தந்த நிறுவனத்துக்கான டிரைவர் வேண்டும். திங்க்பேடுக்கு திங்க்பேட்_ஏசிபிஐ, ஐடியாபேடுக்கு ஐடியாபேட்_லேப்டாப், ஆசஸுக்கு ஆசஸ்_என்பி_டபிள்யூஎம்ஐ, எச்பிக்கு எச்பி_டபிள்யூஎம்ஐ, டெல்லுக்கு டெல்_டபிள்யூஎம்ஐ. இவை எல்லாம் கர்னலோடு சேர்ந்தே வருகின்றன, தனியாகத் தரவிறக்க வேண்டியதில்லை.

எந்த வழியில் வந்தாலும் கர்னல் அதை ஒரு பொதுவான விசை எண்ணாக மாற்றிவிடும். ஒலி நிறுத்தம் 113, ஒலி குறைப்பு 114, ஒலி கூட்டல் 115, வெளிச்சக் குறைப்பு 224, வெளிச்சக் கூட்டல் 225. அங்கிருந்து அது க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப்புக்குப் போகிறது. வெளிச்ச விசை என்றால் டெஸ்க்டாப் அதைப் பார்த்துவிட்டு, திரை விளக்கைக் கட்டுப்படுத்தும் கர்னல் கோப்பில் புதிய எண்ணை எழுதச் செய்கிறது. அப்போதுதான் திரை மங்குகிறது.

முதலில் எஃப்என் பூட்டு

எஃப்5-ஐத் தட்டினால் பக்கம் புதுப்பிக்கப்படாமல் ஒலி குறைகிறது, ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்தினால் சாளரம் மூடவில்லை என்றால் அது பழுதே அல்ல. மேல் வரிசை விசைகள் எஃப்என் இல்லாமலேயே சிறப்பு வேலை செய்யும்படி ஃபர்ம்வேரில் அமைக்கப்பட்டிருக்கிறது. பல லெனோவோ, டெல், ஆசஸ் மாடல்களில் எஃப்என்னும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் இது மாறிக்கொள்ளும். எஸ்கேப் விசையின் மேல் சிறு பூட்டுப் படமோ விளக்கோ இருந்தால் உங்கள் லேப்டாப்பிலும் இந்த வசதி உண்டு. நிரந்தரமாக மாற்ற பயாஸுக்குள் (லேப்டாப் தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) போக வேண்டும். எச்பியில் அங்கே "ஆக்‌ஷன் கீஸ் மோட்" என்றும், லெனோவோவில் "ஹாட்கீ மோட்" என்றும், டெல்லில் "ஃபங்ஷன் கீ பிஹேவியர்" என்றும் பெரும்பாலும் இருக்கும்.

இதே காரணத்தால் இன்னொரு குழப்பமும் வரும். எழுத்துத் திரைக்குப் போக கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 என்று கையேடுகள் சொல்லும். மேல் வரிசை சிறப்பு விசையாக இருக்கும் லேப்டாப்பில் அவற்றோடு எஃப்என்னையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

ஆப்பிள் மேக்புக்கில் லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கு பயாஸ் தேவையில்லை. எச்ஐடி_ஆப்பிள் என்ற டிரைவரே இதைக் கவனிக்கிறது. அதன் எஃப்என்மோட் என்ற அளவுரு 1 என்றால் சிறப்பு வேலை முதலில், 2 என்றால் எஃப்1 முதல் எஃப்12 முதலில். எட்சி கோப்புறைக்குள் இருக்கும் மாட்ப்ரோப்.டி கோப்புறையில் கான்ஃப் என்று முடியும் பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, "ஆப்ஷன்ஸ் எச்ஐடி_ஆப்பிள் எஃப்என்மோட்=2" என்று ஒரே வரி எழுதுங்கள். உபுண்டு, டெபியனில் பிறகு "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு" ஓட்டி மறுதொடக்கம் செய்ய வேண்டும். கீக்ரான் விசைப்பலகை வாங்கியவர்களும் இந்தப் பத்தியைக் கவனியுங்கள். அந்த விசைப்பலகைகளில் பல தம்மை ஆப்பிள் சாதனம் என்றே கணினிக்கு அறிமுகம் செய்துகொள்வதால் இதே டிரைவரின் கீழ்தான் வருகின்றன.

கர்னலுக்கு வந்து சேர்கிறதா?

பூட்டு பிரச்சினை இல்லை என்றால் அடுத்த கேள்வி இதுதான். ஈவிடெஸ்ட் என்ற கருவியை நிறுவுங்கள். உபுண்டு, மின்ட், டெபியனில் "சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஈவிடெஸ்ட்", பெடோராவில் ஏபிடிக்குப் பதில் டிஎன்எஃப். பிறகு "சூடோ ஈவிடெஸ்ட்" என்று ஓட்டினால் எண்ணிட்ட சாதனப் பட்டியல் வரும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பட்டியலில் "ஏடி டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்ட்" என்பதைப் பார்த்ததும் அதைத் தேர்ந்தெடுத்து, விசையைத் தட்டி, ஒன்றும் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வெளிச்ச விசை "வீடியோ பஸ்" என்ற சாதனத்தின் வழியாக வரலாம். மற்றவை "ஆசஸ் டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ்", "திங்க்பேட் எக்ஸ்ட்ரா பட்டன்ஸ்", "ஐடியாபேட் எக்ஸ்ட்ரா பட்டன்ஸ்", "இன்டெல் எச்ஐடி ஈவென்ட்ஸ்" போன்ற பெயர்களில் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்துத் தட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க "சூடோ லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ் --ஷோ-கீகோட்ஸ்" உதவும். கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் விசைப் பெயருக்குப் பதில் நட்சத்திரக் குறிகள்தான் தெரியும். இந்தக் கருவிகள் ஓடும்போது கடவுச்சொல் எதையும் தட்டாதீர்கள், தட்டுவது அப்படியே திரையில் பதிவாகும்.

ஒரே அழுத்தத்துக்கு இரண்டு சாதனங்களிலிருந்தும் செய்தி வந்தால் வெளிச்சம் இரண்டு படி தாவுவதன் காரணம் கிடைத்துவிட்டது. வீடியோ பஸ் ஒரு முறையும் நிறுவன டிரைவர் இன்னொரு முறையும் சொல்கின்றன. "வீடியோ.ரிப்போர்ட்_கீ_ஈவென்ட்ஸ்=1" என்ற கர்னல் அளவுரு வீடியோ பஸ் அனுப்பும் வெளிச்சச் செய்தியை மட்டும் நிறுத்திவிடும்.

எங்குமே ஒன்றும் வரவில்லையா? இன்னொரு டெர்மினலில் "சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ" ஓட்டிவிட்டு (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துகள், பிறகு சிறிய டபிள்யூ) விசையை மறுபடி தட்டுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் "அன்நோன் கீ ப்ரெஸ்டு" என்று தொடங்கி, கோடு 0எக்ஸ்85 என்பது போன்ற ஓர் எண்ணையும், "செட்கீகோட்ஸ் இ005" என்று பயன்படுத்தச் சொல்லும் வரியையும் கர்னல் காட்டும். எண் வந்துவிட்டது, ஆனால் அதன் பொருள் கர்னலுக்குத் தெரியவில்லை. இது எளிதில் சரியாகும் வகை.

வரியே வராவிட்டால் நிறுவன டிரைவர் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று "எல்எஸ்மாட்" கட்டளையில் பாருங்கள். இருந்தும் பலனில்லை என்றால் உங்கள் மாடல் கர்னலைவிடப் புதியதாக இருக்கக்கூடும். "யூநேம் -ஆர்" கர்னல் பதிப்பைக் காட்டும். எதையும் நிறுவாமல் சோதிக்க, பெடோராவின் அண்மைப் பதிப்பை யூஎஸ்பியில் ஏற்றி லைவாக ஓட்டுங்கள். அங்கே விசை வேலை செய்தால் புதிய கர்னலுக்கு மாறுவதே தீர்வு. அதற்கு முன் "எஃப்டபிள்யூயூபிடிஎம்ஜிஆர் கெட்-அப்டேட்ஸ்" என்று கேட்டு பயாஸ் புதுப்பிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நேற்று வரை வேலை செய்த விசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிட்டால் கன்ட்ரோலர் சில்லே சிக்கிக்கொண்டிருக்கலாம். லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தெரியாத எண்ணுக்குப் பொருள் கொடுப்பது

மேலே சொன்ன 85 என்ற எண் வெளிச்சத்தைக் குறைக்கும் விசையிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனடிச் சோதனைக்கு "சூடோ செட்கீகோட்ஸ் இ005 224" போதும். 224 என்பது முன்பு சொன்ன வெளிச்சக் குறைப்பு எண். இந்த மாற்றம் கணினியை அணைத்ததும் போய்விடும், அதனால் பயமின்றிச் செய்து பார்க்கலாம்.

ஒரே எண்ணை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதுவதைக் கவனியுங்கள். டிமெஸ்ஜி 0எக்ஸ்85 என்கிறது. செட்கீகோட்ஸுக்கு அதுவே இ005. ஈவிடெஸ்டும், கீழே வரும் நிரந்தரக் கோப்பும் வெறுமனே 85 என்கின்றன. மாற்றி எழுதினால் விசை பழையபடி ஊமையாகவே இருக்கும்.

நிரந்தரத் தீர்வுக்கு எட்சி, யூடெவ், எச்டபிள்யூடிபி.டி என்ற வரிசையில் கோப்புறைகளுக்குள் போய் "90-கஸ்டம்-கீபோர்ட்.எச்டபிள்யூடிபி" என்று ஒரு கோப்பு உருவாக்க வேண்டும். அதில் இரண்டே வரிகள். முதல் வரி எந்த லேப்டாப் என்று அடையாளம் காட்டும். அதை நினைவிலிருந்து எழுத முயல வேண்டாம். யூஎஸ்ஆர், லிப், யூடெவ், எச்டபிள்யூடிபி.டி என்ற இடத்தில் இருக்கும் "60-கீபோர்ட்.எச்டபிள்யூடிபி" கோப்பைத் திறந்தால் நிறுவன வாரியாக நூற்றுக்கணக்கான மாடல்களுக்கு இப்படிப்பட்ட வரிகள் இருக்கும். அதில் "ஏடிகேபிடி" என்ற சொல் வரும், உங்கள் நிறுவனத்துக்குப் பொதுவான வரியை நகலெடுங்கள். அந்தக் கோப்பைத் திருத்தாதீர்கள், அடுத்த புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் அழிந்துபோகும்.

இரண்டாவது வரி ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். பிறகு பெரிய எழுத்துகளில் "கீபோர்ட்_கீ_85", சமக் குறி, அடுத்து சிறிய எழுத்துகளில் "பிரைட்னஸ்டவுன்". தொடக்க இடைவெளியை மறப்பதுதான் மிகச் சாதாரணமான தவறு. இடைவெளி இல்லாவிட்டால் அதுவும் ஓர் அடையாள வரி என்றே எடுத்துக்கொள்ளப்படும். முடித்ததும் "சூடோ சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட்", அடுத்து "சூடோ யூடெவ்ஏடிஎம் ட்ரிகர்" (யூடெவ் என்பதை அடுத்து வருவது 'அட்மின்' என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகள்). மறுதொடக்கம் தேவையில்லை.

சில விசைகள் அழுத்தியதைச் சொல்லும், விட்டதைச் சொல்லாது. ஒரு தட்டு தட்டினால் வெளிச்சம் அடிமட்டம் வரை ஓடிக்கொண்டே போகும். அப்படியானால் சமக் குறிக்குப் பிறகு, விசைப் பெயருக்கு முன் ஓர் ஆச்சரியக் குறி சேர்த்துவிடுங்கள். விட்டதாகக் கர்னலே எடுத்துக்கொள்ளும்.

கர்னலுக்கு வருகிறது, டெஸ்க்டாப் கண்டுகொள்வதில்லை

மைக் மியூட் விசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கர்னலில் அதன் எண் 248. டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் பழைய எக்ஸ்11 முறை ஒவ்வொரு எண்ணோடும் 8 கூட்டிக்கொள்கிறது, 255-க்கு மேல் அதனால் எண்ண முடியாது. 248-உம் 8-உம் 256. ஒரே ஓர் எண் வித்தியாசத்தில் அந்த விசை வெளியே நிற்கிறது. ஈவிடெஸ்டில் அழகாகத் தெரியும், டெஸ்க்டாப்புக்குப் போகாது. இதைச் சுற்றிப் போக, எச்டபிள்யூடிபி கோப்பில் மைக் மியூட்டை எஃப்20 என்றும் டச்பேட் விசையை எஃப்21 என்றும் பெயர் மாற்றிவிடும் வழக்கம் வந்தது. எக்ஸ்11-இன் விசை அட்டவணை எஃப்20-ஐ மைக் மியூட் என்றே புரிந்துகொள்ளும். அதற்குப் பதிலாக வந்த புதிய முறையான வேலேண்டில் இந்த 255 எல்லை இல்லை. நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பது க்னோம் அமைப்புகளில் கணினி விவரப் பக்கத்தில் இருக்கும். எக்ஸ்11-இல் இருந்தால், வெளியேறி உள்நுழையும் திரையில் வேலேண்டைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதே சுருக்கமான சோதனை.

ஐ3, ஸ்வே போன்ற எளிய சாளர மேலாளர்களில் கதை வேறு. அங்கே ஒலி, வெளிச்ச விசைகளைக் கவனிக்கப் பின்னணியில் யாரும் இல்லை. விசை ஒழுங்காக வந்து சேர்கிறது, கேட்பாரில்லை. கட்டமைப்புக் கோப்பில் நீங்கள்தான் இணைப்பு எழுத வேண்டும்: வெளிச்சத்துக்கு பிரைட்னஸ்சிடிஎல், ஒலிக்கு டபிள்யூபிசிடிஎல், பாட்டை நிறுத்தவும் ஓட்டவும் ப்ளேயர்சிடிஎல். விசையின் சரியான பெயரை ஸ்வேயில் வெவ் என்ற கருவியும் ஐ3-இல் எக்செவ் என்ற கருவியும் காட்டும்.

வெளித்திரைக்கு மாற்றும் விசையைத் தட்டினால் ஈவிடெஸ்டில் 125-உம் 25-உம் சேர்ந்து வந்தால் திகைக்க வேண்டாம். அவை சூப்பர் விசையும் பி எழுத்தும். விண்டோஸில் திரை மாற்றும் குறுக்குவழி அதுதான் என்பதால் புதிய லேப்டாப்கள் பலவற்றில் அந்தக் கூட்டையே நேரடியாக அனுப்புகிறார்கள். க்னோம் அதைப் புரிந்துகொள்ளும்.

பட்டை நகர்கிறது, வெளிச்சம் மாறவில்லை

திரையில் வெளிச்சப் பட்டை தோன்றிக் கூடிக் குறைகிறது என்றால் விசையின் மேல் குற்றமில்லை. எஸ்ஒய்எஸ், கிளாஸ், பேக்லைட் என்ற கோப்புறையைப் பாருங்கள். அங்கே இன்டெல்_பேக்லைட், ஏஎம்டிஜிபியூ_பிஎல் என்று தொடங்கும் ஒன்று, அல்லது ஏசிபிஐ_வீடியோ0 இருக்கும். அதற்குள் மேக்ஸ்_பிரைட்னஸ் கோப்பில் உச்ச எண் உண்டு. அதில் பாதியை "எக்கோ" கட்டளையால் "சூடோ டீ" வழியாக பிரைட்னஸ் கோப்பில் எழுதிப் பாருங்கள். பூஜ்யம் எழுத வேண்டாம், சில திரைகள் முழுதாக இருண்டுவிடும்.

கோப்புறை காலியாக இருந்தால் "கேட்" கட்டளையால் ப்ராக், சிஎம்டிலைன் கோப்பைப் படியுங்கள். அதில் "நோமோட்செட்" என்று இருக்கிறதா? நிறுவும்போது திரை வராமல் பாதுகாப்பான கிராபிக்ஸ் வழியைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் இது அப்படியே தங்கிவிடுகிறது. கிராபிக்ஸ் டிரைவர் ஏறாதபோது விளக்குக் கட்டுப்பாடும் இருக்காது. அதை நீக்குவதுதான் முதல் வேலை.

கோப்பு இருந்தும் எழுதியது பலிக்கவில்லை என்றால், கர்னல் தவறான கட்டுப்பாட்டு வழியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். முன்பெல்லாம் ஒரே திரைக்கு இரண்டு மூன்று வழிகள் பதிவாகும். 6.1 பதிப்பிலிருந்து ஒன்றை மட்டும் பதிவு செய்யும்படி மாற்றினார்கள். அந்தத் தேர்வு பிசகும் மாடல்களுக்காக "ஏசிபிஐ_பேக்லைட்=" என்ற அளவுரு இருக்கிறது. நேட்டிவ், வீடியோ, வெண்டர் என்ற மூன்றில் ஒன்றைக் கொடுக்கலாம். இன்றைய லேப்டாப்களில் நேட்டிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்த அளவுருவையும் முதலில் தற்காலிகமாகவே சோதியுங்கள். கணினி தொடங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிப்டால் க்ரப் மெனுவை வரவழைத்து, ஆங்கில இ எழுத்தைத் தட்டி, "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு எழுதி, கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். பலித்தால் எட்சி, டீஃபால்ட், க்ரப் கோப்பில் "குவயட் ஸ்ப்ளாஷ்" இருக்கும் மேற்கோளுக்குள் சேர்த்து "சூடோ அப்டேட்-க்ரப்" ஓட்டுங்கள். பெடோராவில் இதற்கு க்ரபி என்ற கட்டளை உண்டு.

"ஏசிபிஐ_ஓஎஸ்ஐ=லினக்ஸ்" என்ற பழைய வைத்தியத்தை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. லினக்ஸ் கர்னல் ஃபர்ம்வேரிடம் தன்னை விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கிறது, ஏனென்றால் ஃபர்ம்வேரை விண்டோஸில்தான் சோதித்திருக்கிறார்கள். அந்தப் பதிலை மாற்றினால் வெளிச்சம் சரியாகி டச்பேடோ தூக்க நிலையோ கெடலாம்.

விமான நிலை விசையை அழுத்திய பிறகு வைஃபை திரும்பவே இல்லை என்றால் "ஆர்எஃப்கில் லிஸ்ட்" பாருங்கள். "சாஃப்ட் பிளாக்டு: எஸ்" என்றால் "ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்" போதும். "ஹார்ட் பிளாக்டு" என்றால் மென்பொருளால் திறக்க முடியாது. பக்கவாட்டில் சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், அந்த விசையையே இன்னொரு முறை தட்டுங்கள்.

விடை கிடைத்துவிட்டால்

உங்கள் மாடலுக்கு எச்டபிள்யூடிபி வரி எழுதித்தான் விசை உயிர்பெற்றது என்றால், அதே லேப்டாப் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அது போய்ச் சேரட்டும். 60-கீபோர்ட் கோப்பு சிஸ்டம்டி திட்டத்தைச் சேர்ந்தது. கிட்ஹப்பில் அதன் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். நிறுவன டிரைவரில் கோளாறு என்றால் கர்னலின் பக்சில்லாவில் பதிய வேண்டும். இரண்டுக்கும் தேவையானவை இவைதான்: எஸ்ஒய்எஸ், கிளாஸ், டிஎம்ஐ, ஐடி கோப்புறையில் உள்ள மோட்அலையாஸ் கோப்பின் உள்ளடக்கம், யூநேம் காட்டிய கர்னல் பதிப்பு, எந்த விசைக்கு எந்த ஸ்கேன்கோடு வந்தது, விசையின் மேல் என்ன படம் அச்சிடப்பட்டிருக்கிறது. படத்தைப் பற்றி எழுத மறந்துவிடாதீர்கள். 85 வருகிறது என்று மட்டும் சொன்னால், அதற்கு என்ன பெயர் வைப்பது என்று படிப்பவருக்குத் தெரியாது.